கடல் கண்ணாடி: நிறத்துக்கு முன் மேற்பரப்பைப் பாருங்கள்

கடற்கரையில் கண்ணாடிச் சில்லு பொறுக்குகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைத்தான் தேடுகிறார்கள். சிவப்போ ஆரஞ்சோ அகப்பட்டால் கொண்டாட்டம். வெள்ளையும் பச்சையும் பழுப்பும் பைக்குள் கவனிப்பாரின்றிக் கிடக்கும். அரிதானதைத் தேடுவதில் தவறில்லை. ஆனால் நிறம் தொழிற்சாலை உலையில் சேர்ந்தது. கடல் தன் கையால் செய்தது மேற்பரப்பை மட்டும்தான். கடல் கண்ணாடியை ரசிக்கப் பழகுகிறவர் அந்த மேற்பரப்பிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் சில்லை நன்றாகத் துடைத்துக் காயவையுங்கள். ஈரத்தில் எல்லாமே பளபளக்கும், காய்ந்தால்தான் சாயம் வெளுக்கும். பழைய சில்லின் மேல் மெல்லிய மாவு பூசினாற்போல ஒரு மங்கல் படர்ந்திருக்கும், விளிம்புகள் மழுங்கியிருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் மேற்பரப்பெங்கும் பிறை வடிவத்தில் நுண்ணிய தழும்புகள் தெரியும். அலை உருட்டும்போது கூழாங்கல் மோதி மோதி விழுந்தவை அவை. கூடவே உப்புநீர், கண்ணாடியில் உள்ள சோடாவையும் சுண்ணாம்பையும் மெல்ல மெல்லக் கரைத்து எடுத்து நுண்குழிகளை உண்டாக்குகிறது. இரண்டும் சேர்ந்து முடியப் பல பத்தாண்டுகள் ஆகும். மணலும் நீரும் போட்டுச் சுழற்றும் இயந்திரத்தில் சில நாளிலேயே இப்படி மங்கலாக்கிவிடலாமே, கண்ணுக்கு அழகாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இயந்திரம் தரும் மங்கல் ஒரே சீராக இருக்கும். பிறைத் தழும்பும் குழியும் ஏறுக்குமாறாகக் கலந்த அந்தப் பரப்பு அதில் வராது. அந்த வித்தியாசத்தைக் காணப் பழகிய கண்ணுக்குச் சீரான மங்கல் சீக்கிரமே சலித்துவிடும்.

மேற்பரப்பைப் படித்த பிறகு நிறத்துக்கு வாருங்கள். அப்போது அதுவும் ஒரு சாட்சியாகப் பேசும். வட கிழக்கு இங்கிலாந்தின் சீஹாம் கடற்கரையை எடுத்துக்கொள்வோம். 1853-இல் ஜான் கேண்டிலிஷ் அங்கே தொடங்கிய பாட்டில் தொழிற்சாலை 1921 வரை இயங்கியது. கழிவுக் கண்ணாடி கடலில் கொட்டப்பட்டது. இன்றும் அலை அதைத் திருப்பித் தருகிறது. சீஹாமில் ஒரே சில்லில் இரண்டு மூன்று நிறங்கள் அடுக்காக இருந்தால், அது உடைந்த பாட்டிலாக இருப்பதைவிட உலைக்கழிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கறுப்பாகத் தெரிவதை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். பல சமயம் அடர்ந்த பச்சையோ பழுப்போ எட்டிப் பார்க்கும். இளம் ஊதா இன்னும் சுவையானது. இரும்பு தரும் பச்சைச் சாயலைப் போக்கி நிறமற்ற கண்ணாடி செய்ய முன்பு மாங்கனீஸ் சேர்த்தார்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு அந்தக் கண்ணாடிதான் ஊதாவாக மாறியது. இங்கிலாந்துக் கரைகளில் கண்ணாடிக் கோலிகளும் கிடைப்பதுண்டு. ஹைரம் காட் 1872-இல் காப்புரிமை பெற்ற சோடா பாட்டிலின் கழுத்தில் அடைப்பாக இருந்தது அப்படிப்பட்ட கோலிதான். நம் ஊர் கோலி சோடா பாட்டிலும் அதே வடிவமைப்பு.

எப்படிச் சொன்னாலும் இது குப்பைதானே என்பார்கள். ஆம், குப்பைதான். கலிஃபோர்னியாவின் ஃபோர்ட் பிராக் நகரம் 1906 முதல் 1967 வரை கடலோரத்தில் கொட்டிய குப்பையிலிருந்து வந்ததே அங்குள்ள புகழ்பெற்ற கண்ணாடிக் கடற்கரை. அழகு வந்துவிட்டதால் அந்தச் செயல் சரியாகிவிடாது. கடலுக்குக் கண்ணாடி போட்டு வளர்க்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். பழைய குவியல்கள் குறைந்துகொண்டே போகின்றன. அதனால்தான் அள்ளிக் குவிப்பதைவிட, ஒன்றை எடுத்து நிதானமாகப் பார்ப்பது மேல். ஃபோர்ட் பிராக்கில் மாநிலப் பூங்காவுக்குள் இருக்கும் பகுதியிலிருந்து எதையும் எடுக்கவே கூடாது. எந்தக் கரைக்குப் போனாலும் அங்குள்ள விதியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கூர்மை மழுங்காத, பளபளப்புப் போகாத சில்லு அகப்பட்டால் மறுபடி கடலில் வீசாமல் குப்பைத் தொட்டியில் சேர்த்துவிடுங்கள். வெறுங்காலோடு நடக்கிறவர்களும் வருகிற கரை அது.