பென்டிரைவில் கிடக்கும் ரீடர்

அடோபி ரீடரை டவுன்லோட் செய்யப் போனால் முதலில் கைக்கு வருவது ரீடர் அல்ல, ரீடரைக் கூட்டிவரப் போகும் ஒரு சின்னக் கோப்பு. ஓரிரு எம்பிதான் இருக்கும். அதை இயக்கிய பிறகுதான் சில நூறு எம்பி இறங்கத் தொடங்கும். பத்து கணினி உள்ள பிரவுசிங் சென்டரில் அதே சரக்கு பத்து முறை இறங்க வேண்டும். ஆஃப்லைன் இன்ஸ்டாலரைத் தேடிப் போக இந்த ஒரு எரிச்சலே போதும்.

முழுக் கோப்பை ஒருமுறை இறக்கிவிட்டால் எல்லாக் கணினியிலும் ஒரே பதிப்பு. கமாண்டில் ஒரு சுவிட்ச் சேர்த்தால் எந்தக் கேள்வியும் கேட்காமல் தானே பதிந்துகொள்ளும். ஒரு காலத்தில் அடோபியின் டவுன்லோட் பக்கத்தில் மெக்கஃபி கருவிக்கு முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருந்தார்கள். கவனிக்காதவர் கணினியில் அதுவும் சேர்ந்து குடியேறியது. முழுக் கோப்பில் அந்தத் தொல்லை இல்லை.

கோளாறு நிறுவும் முறையில் இல்லை, கோப்பைச் சேர்த்து வைக்கும் பழக்கத்தில் இருக்கிறது. ரீடர் 11-க்கான ஆதரவை அடோபி 2017 அக்டோபரிலேயே நிறுத்திவிட்டது. 'நல்லாத்தானே ஓடுது' என்று அதைப் பென்டிரைவில் வைத்துக்கொண்டு விண்டோஸ் போடும் இடத்திலெல்லாம் பதிகிறவர்கள் உண்டு. பிடிஎஃப் வெறும் காகிதப் படம் அல்ல. அதற்குள் ஜாவாஸ்கிரிப்ட் ஓடும். 2023 செப்டம்பரில் ரீடரில் அடோபி அடைத்த ஓர் ஓட்டை, அதற்கு முன்பே தாக்குதலுக்குப் பயன்பட்டிருந்தது. 'நெட்டே இல்லாத கணினிக்கு என்ன பயம்?' என்பார்கள். நெட் இல்லாத கணினிக்கும் பிடிஎஃப் பென்டிரைவில் வந்துகொண்டுதான் இருக்கிறது. வராதது ரீடரின் அப்டேட் மட்டும்.

நெட் இல்லாத கணினியில் இன்னொரு சிக்கலும் உண்டு. இ-ஆதாரைத் திறந்து பாருங்கள். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும் கொடுத்தால் கோப்பு திறக்கும். கையொப்பத்தின் மேல் மட்டும் மஞ்சள் கேள்விக்குறி நிற்கும். பிரிண்ட் எடுக்க வந்தவர் 'இது செல்லுமா?' என்று கேட்பார். கையொப்பத்தில் ரைட் கிளிக் செய்து, சான்றிதழை நம்பத்தக்கவை பட்டியலில் சேர்த்துச் சரிபார்த்தால் பச்சை டிக் வரும். அந்தச் சரிபார்ப்புக்குக் கணினி இணையத்தில் இருக்க வேண்டும். ரீடரை நெட் இல்லாமல் பதியலாம். எந்த வேலைக்காகப் பதிந்தோமோ அதற்கு நெட் வேண்டியிருக்கிறது!

வாசிக்க மட்டும்தான் என்றால் இவ்வளவு பாடு எதற்கு? சுமத்ரா பிடிஎஃப் சில எம்பிதான், நிறுவாமலே ஓடும் பதிப்பும் உண்டு. குரோமே பிடிஎஃப்பைத் திறந்துவிடும். ஆனால் சுமத்ராவிடம் அந்தப் பச்சை டிக்கை எதிர்பார்க்க முடியாது. கையொப்பம் பார்க்கும் மையங்கள் அடோபியிடம் திரும்பி வருவது இதனால்தான்.

வருகிறவர்களுக்கு அடோபி வழியை எளிதாக்கவில்லை என்பதே என் குறை. பெரிய பொத்தானை அழுத்தினால் வருவது சின்னக் கோப்பு. முழுக் கோப்பு வேறொரு பக்கத்தில், பல கணினிகளுக்கு விநியோகிப்பவர்களுக்கானது என்ற பெயரில் இருக்கிறது. அது கண்ணில் படாதவர் கூகுளில் தேடி, யாரோ ஏற்றி வைத்த கோப்பை எடுக்கிறார். பிராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் கையொப்பப் பகுதியைத் திறந்து அடோபியின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும், பார்ப்பவர் குறைவு. முழுக் கோப்பின் சுட்டியை, வெளியான தேதியோடு, அந்தப் பெரிய பொத்தானுக்குக் கீழேயே வைப்பதில் அடோபிக்கு என்ன செலவு?