நாவலின் நிலமும் திரையின் முகமும்

நாவல் ஒன்று திரைப்படமாக வெளிவரும்போதெல்லாம் வாசகரிடையே ஒரே வழக்குத்தான் நடைபெறுகின்றது. கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்பர் ஒரு சாரார். நூல் வேறு, படம் வேறு என்பர் மறு சாரார். இவ்விரு கூற்றுக்களும் விமர்சனம் தொடங்குமுன்னரே அதனை முடித்துவிடுகின்றன. முந்நூறு பக்க நூலை இரண்டரை மணி நேரத்துள் அடக்குவோர் எதையேனும் விட்டேயாக வேண்டும். எனவே, விடுதல் குற்றமன்று. எது விடப்பட்டது, அதன் இடத்தில் எது வந்தமர்ந்தது, அம்மாற்றத்தால் யாருடைய வாழ்வு மறைந்துபோயிற்று என்பனவே நாம் கேட்க வேண்டியவை.

வெறும் ஏட்டுச் சுவைக்காக நாம் இக்கேள்விகளை எழுப்பவில்லை. இரணைமடுக் குளத்து நீரை நம்பி நெல் விளைக்கும் முரசுமோட்டை போன்ற ஊர்களில் ஒரு நாவல் மாணவர் கைக்கு வருவதற்கு நெடுநாள் முன்பே அதன் திரைவடிவம் கைத்தொலைபேசியில் வந்து சேர்ந்துவிடுகின்றது. பூமணியின் ‘வெக்கை’யைப் பற்றிப் பேசுக என்றால் மாணவர் சிவசாமியைப் பற்றிப் பேசுகின்றனர். சிவசாமி ‘அசுரன்’ படத்துத் தந்தையின் பெயர்; நாவலிலோ அத்தந்தை பெரும்பாலும் ‘அய்யா’ என்றே வழங்கப்படுகின்றார். பெயர் மாறியது சிறு விடயமே. பெயரோடு சேர்ந்து நூலின் உயிர்க் கருத்தும் மாறிவிடுமாயின், அதனைச் சிறு விடயமென்று ஒதுக்க முடியாது. நிலத்தையும் உழைப்பையும் பொருளாகக் கொண்ட மூன்று நாவல்களையும் அவற்றின் படங்களையும் இந்நோக்கில் ஆராய்வோம்.

முதலாவது, எமது நாட்டுக் கதை. லெனாட் வுல்ஃப் 1904 முதல் 1911 வரை இலங்கையிற் குடியேற்ற ஆட்சியின் உத்தியோகத்தராய் இருந்தவர். யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் கடமையாற்றிப் பின்னர் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபரானார். அங்கு கண்டவற்றைக் கொண்டு அவர் ஆங்கிலத்தில் எழுதிய காட்டுக் கிராமத்து நாவல் 1913 இல் வெளியாயிற்று. லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் அதனை 1980 இல் ‘பெத்தேகம’ என்ற சிங்களப் படமாக்கினார்.

வேட்டைக்காரன் சிலிந்து, அவனுடைய இரட்டைப் பெண்மக்கள், ஊர்த் தலைமைக்காரன், வட்டிக்காரன் ஆகியோரே கதைமாந்தர். சேனை வெட்டவும் துவக்கு வைத்திருக்கவும் அனுமதி வேண்டும்; அனுமதி வேண்டுமாயின் தலைமைக்காரனின் தயவு வேண்டும். அறுவடைக்கு முன்னரே விளைச்சல் கடன்காரனுக்கு உரியதாகிவிடுகின்றது. பொய்வழக்கொன்றில் மாட்டப்படும் குடியானவன் தனக்கு விளங்காத மொழியில் நடைபெறும் விசாரணையின் முன் வாயடைத்து நிற்கின்றான். ஈற்றில் சிலிந்து தலைமைக்காரனையும் வட்டிக்காரனையும் சுட்டுக் கொல்கின்றான். ஊர் ஒவ்வொரு குடிசையாகக் குறைந்து, காட்டுக்கே மீண்டும் இரையாகின்றது.

வன்னி வாசகனுக்கு இந்நூல் தூரத்துத் தெற்கின் கதையன்று. குளம் வற்றினால் அடுப்பு அணையும் என்பதையும், கச்சேரிக் கடதாசி ஒன்று மழையைப் போலவே ஒரு குடும்பத்தின் விதியைத் தீர்மானிக்கும் என்பதையும் அவன் அறிவான். சிங்களக் குடியானவனும் தமிழ்க் குடியானவனும் ஒரே வறட்சியையும் ஒரே வட்டியையும் சுமந்தவர்கள் என்பதை இந்நூல் எவ்விதப் பிரசங்கமுமின்றி உணர்த்திவிடுகின்றது.

படம் நேர்மையானது. ஜோ அபேவிக்ரம சிலிந்துவாகவே மாறிவிடுகிறார். பேசாத வேளையிலும் அவர் கண்கள் காட்டைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. எனினும் நீதவானின் இருக்கையில் ஆதர் சி. கிளாக் அமர்ந்திருப்பதைக் கண்டதும் எமது கவனம் குற்றவாளிக் கூண்டை விட்டு உலகப் புகழ்பெற்ற அவ்வெழுத்தாளரிடம் போய்விடுகின்றது. பார்வை எங்கே இருக்க வேண்டுமோ அங்கிருந்து அது நழுவிவிடுகின்றது. நூலை மூடியபோது எம் மனத்தில் நின்றது காடு; படம் முடிந்தபோது நின்றது சிலிந்துவின் முகம். முகத்தைக் காட்டுதல் திரையின் வலிமை. அம்முகத்தை அந்நிலைக்குக் கொண்டுவந்த பொறிமுறையை விளக்குதல் நாவலின் வலிமை. இவ்வேறுபாட்டை மனங்கொண்டு அடுத்த நூலுக்குச் செல்வோம்.

பி. எச். டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராய்ப் பணியாற்றியவர். தொழிலாளரைச் சங்கமாக ஒன்றுதிரட்டியவர். அவர் 1969 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாவலை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என 2007 இல் தமிழாக்கினார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணியின் முற்பணத்தை நம்பி வால்பாறைக்குச் செல்லும் கருப்பனும் வள்ளியும் எவ்வாறு கடனாலும் காய்ச்சலாலும் குளிராலும் கட்டுண்டனர் என்பதே அதன் பொருள். இந்நூலைத் தழுவிப் பாலா 2013 இல் ‘பரதேசி’ என்ற படத்தை உருவாக்கினார்.

படத்தின் சில பகுதிகள் எம்மை உலுக்கின. மலை நோக்கி நடக்கும் அந்நீண்ட கூட்டமும், வழியில் விழுந்தவனை விட்டு மற்றவர்கள் நடந்தேயாக வேண்டிய கொடுமையும், ஆண்டிறுதிக் கணக்கில் கூலி முழுவதும் கடனாகக் கரைந்துபோகும் காட்சியும் நூலுக்குப் பெருமை சேர்ப்பவை. இலங்கைத் தோட்டங்களுக்கு நடந்து வந்தோரின் வரலாற்றை இருபது பக்கப் பாடத்தால் விளக்க முடியாத இடத்தில் இக்காட்சிகள் விளக்கின.

ஆயின் பிற்பகுதி வேறு வழியிற் செல்கின்றது. நாவலின் மருத்துவர் ஆபிரகாம் நோயோடும் தோட்ட நிருவாகத்தின் அலட்சியத்தோடும் போராடும் மனிதர். படத்தில் வரும் மருத்துவரோ ஆடிப்பாடி மதம் பரப்புபவராக நகைப்புக்குரியவராகின்றார். தொழிலாளரோடு வாழ்ந்து அவர்களைச் சங்கத்தில் இணைத்த ஒரு மருத்துவரின் நூலிலிருந்து எடுத்த படத்திலே மருத்துவருக்கு இக்கதி நேர்ந்தமை தற்செயலான பிழையாகத் தோன்றவில்லை. துயரம் முழுமையாகத் தெரிய வேண்டுமாயின் உதவும் கை எதுவும் இருக்கக்கூடாது என்ற கலைக்கணக்கே இதற்குக் காரணம் என நாம் கருதுகின்றோம். அக்கணக்கின்படி மலையுச்சியில் ஓலமிடுபவன் மட்டுமே எஞ்சுகின்றான்.

1977 இலும் 1983 இலும் நிகழ்ந்த வன்செயல்களால் மலையகத்தை விட்டு வந்த குடும்பங்கள் வன்னியின் பல ஊர்களில் வேரூன்றியுள்ளன. அத்தகைய குடும்பத்து மாணவி ஒருத்தி படத்தைப் பார்த்தபின் எம்மிடம் கேட்டாள்: “எங்கள் தாத்தா சங்கத்தைப் பற்றித்தானே சேர் எந்நேரமும் கதைப்பார், இந்தப் படத்தில் ஏன் ஒருவருமே சேர்ந்து நிற்கவில்லை?” விமர்சகர் பலரது கட்டுரைகளில் இல்லாத கூர்மை அக்கேள்வியில் இருந்தது. படம் காட்டும் காலம் 1930களின் இறுதி. இலங்கைத் தோட்டங்களிலே கோ. நடேசையர் 1931 இலேயே தொழிலாளர் சம்மேளனம் அமைத்துவிட்டார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானார். உழைப்பாளர் அழுதார்கள் என்பது உண்மை. அழுததோடு நின்றார்கள் என்பது உண்மையன்று. அவர்களை முழு இரக்கத்துடன் காட்டி, அவர்களின் எதிர்ப்பை மட்டும் மறைப்பதும் ஒருவகை அவமதிப்பேயாகும்.

மூன்றாவது நூல் 1982 இல் வெளிவந்த ‘வெக்கை’. அண்ணனைக் கொன்ற நிலவுடைமையாளனைப் பதினைந்து வயதுச் சிறுவன் சிதம்பரம் வெட்டுகின்றான். தந்தையும் மகனும் எட்டு நாள்கள் தலைமறைவாகத் திரிந்து, ஈற்றில் சரணடையச் செல்கின்றனர். கதையென்று சொன்னால் இவ்வளவே. ஆனால் அந்த எட்டு நாள்களில் மண் அவர்களை ஏந்திக்கொள்ளும் விதத்தைப் பூமணி எழுதியிருக்கும் நுட்பம் வியப்புக்குரியது. எந்தப் பாறையிடுக்கில் தண்ணீர் கிடைக்கும், எந்தக் காயைச் சுட்டுத் தின்னலாம், எந்த உறவினர் இருளில் சோறு கொண்டுவருவர் என்பனவெல்லாம் கதைக்கு அலங்காரமாக வரவில்லை, அவையே கதை. எந்த நிலத்துக்காக அண்ணன் கொல்லப்பட்டானோ அந்த நிலமே தம்பியை மறைத்து ஊட்டுகின்றது.

வெற்றிமாறன் 2019 இல் இதனை ‘அசுரன்’ ஆக்கினார். சிறந்த தமிழ்ப் படத்துக்கும் சிறந்த நடிகருக்குமான இந்தியத் தேசிய விருதுகளை அது பெற்றது. நூலில் இல்லாத ஒன்றைப் படம் சேர்த்திருப்பதை முதலில் பாராட்ட வேண்டும். ஒடுக்கப்பட்ட மக்களுக்கென 1892 இல் பிரித்தானிய ஆட்சி ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்கள் பிறர் கைக்குப் போன வரலாற்றை அது இலட்சக்கணக்கானோரின் பேச்சுப்பொருளாக்கிற்று. குடிசைகள் எரியும் காட்சியிலே, 1968 டிசம்பர் 25 இல் கீழ்வெண்மணியில் நாற்பத்து நான்கு பேர் தீக்கிரையான கொடுமையை நினையாதார் இல்லை. சேர்த்தலும் நூலுக்குச் செய்யும் மரியாதையாகலாம் என்பதற்கு இது சான்று.

இனி மறுபக்கம். நாவலில் ஊரும் உறவும் நிலமும் சேர்ந்து காப்பாற்றிய சிறுவனைப் படத்திலே தந்தை ஒருவரே ஆயுதமேந்திப் பலரை வீழ்த்திக் காப்பாற்றுகின்றார். பலரின் செயல் ஒருவரின் வீரமாகச் சுருங்கிவிடுகின்றது. முடிவில் அத்தந்தை மகனுக்குச் சொல்லும் அறிவுரை, நிலத்தையும் பொருளையும் பறித்துவிடுவார்கள், கல்வியைப் பறிக்க முடியாது என்பதாகும். எமது வகுப்பறைகளில் இவ்வசனத்துக்குக் கிடைக்கும் கைதட்டலுக்குக் குறைவில்லை.

ஆசிரியத் தொழில் செய்யும் எமக்கு இவ்வசனம் இனிக்கவே செய்கின்றது. இனிப்பதனாலேயே அதனைச் சோதிக்கக் கடமைப்பட்டுள்ளோம். எழுத்து மறுக்கப்பட்ட மக்களின் வாயிலிருந்து வரும்போது அதன் நியாயம் பெரிது, ஐயமில்லை. ஆனால் கல்வியைப் பறிக்க முடியாதா? 1970களின் தரப்படுத்தலில் பல்கலைக்கழக வாயில் குறுகியதைக் கண்டோம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்டோம். 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னிப் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் பரந்தன்–முல்லைத்தீவு வீதி வழியே கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்ததையும் கண்டோம். பறிக்க முடியாதது என்று உலகில் எதுவும் இல்லை. மறுபுறம், பறிக்கப்பட்டதை மீட்கவே முடியாது என்பதும் இல்லை. கேப்பாபுலவுப் பகுதி மக்கள் 2017 இல் இராணுவம் வைத்திருந்த தமது காணிகளுக்காக இரவும் பகலும் தெருவோரத்தில் இருந்து போராடினர். பிலக்குடியிருப்புக் காணிகள் அவ்வாண்டு மார்ச்சு மாதமே விடுவிக்கப்பட்டன. அங்கே முன்னின்ற பெண்களிடம் காணியை விட்டுவிட்டுப் படியுங்கள் என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? படிப்பு நிலத்துக்கு ஈடாகாது. நிலத்தை இழந்தது ஏனென்று அறியவும், அதனை மீட்கும் வழி தேடவும் உதவுமாயின் அதுவே படிப்பு.

இம்மாற்றங்கள் தமிழ்த் திரைக்கு மட்டும் உரியனவல்ல. ஸ்ரைன்பெக்கின் ‘கோபத்தின் கனிகள்’ 1939 இல் வெளிவந்தது. ஜோன் ஃபோர்ட் அடுத்த ஆண்டிலேயே அதனைப் படமாக்கினார். நூலிலே அரசாங்க முகாமின் சிறு நிம்மதிக்குப் பின்னரே பழத்தோட்டத்துக் கூலிப் போராட்டமும் கொலையும் வருகின்றன. படத்திலே அவ்வரிசை தலைகீழாயிற்று. முகாம் பின்னுக்கு வந்தது. காட்சிகள் ஏறத்தாழ அவையே; முன்பின்னாக வைத்த மாத்திரத்திலே எச்சரிக்கை ஆறுதலாக மாறிவிட்டது. அதேவேளை, திரையால் நிலத்தைக் காட்டவே இயலாது என்று சொல்வதும் தவறு. விபூதிபூஷணின் நாவலைச் சத்யஜித் ராய் 1955 இல் ‘பதேர் பாஞ்சாலி’ ஆக்கியபோது நாணற்காடும் மழையும் குளமும் மாந்தர்க்கு இணையாகவே வாழ்ந்தன. குறை கருவியில் இல்லை. அதனைக் கையாளும் நோக்கிலேயே உள்ளது. முதலிட்ட பணம் திரும்ப வேண்டும், அதற்குப் பெரிய நடிகர் வேண்டும், அவருக்கு வெற்றி வேண்டும் என்ற சந்தை நியதியே பலரின் கதையை ஒருவரின் கதையாக்குகின்றது.

ஆகவே நூலையும் படத்தையும் அருகருகே வைத்து மாணவரோடு மூன்று கேள்விகளை எழுப்புவது பயனுடைத்து. இக்கதையில் உழைப்பவர் யார்? உழைப்பின் பயன் யாரைச் சேர்கின்றது? சிக்கலை அவிழ்ப்பவர் ஒருவரா, பலரா? நூலிலும் படத்திலும் விடைகள் ஒன்றாயின் மற்ற மாற்றங்களைப் பொறுத்துக்கொள்ளலாம். விடைகள் வேறாயின், ஏன் வேறாயின என்று தேடுவதே இலக்கியக் கல்வி.

இலங்கைத் தமிழ் நாவல்களுள் திரைக்கு வந்தவை மிகச் சில. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ 1978 இல் படமாயிற்று. தண்ணிமுறிப்புக் காட்டையும் குடியானவர் வாழ்வையும் எழுதிய பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973 முதல் வாசகர் கையில் இருக்கின்றது. அத்தகைய நூலொன்றைப் படமாக்க ஒருவர் நாளை வன்னிக்கு வருவாராயின் நாம் மனமுவந்து வரவேற்போம். நடிகர் யார் என்பதைப் பின்னர் பேசலாம். காடு வெட்டி வயலாக்கிய கைகள் எத்தனை, அக்கைகளுக்குரியோர் இன்று எங்கே நிற்கின்றனர் என்பதை அவர் முதலில் விசாரித்தறியட்டும்.