வானொலி நாடகமும் பேச்சுவழக்கும்

செய்தியுந் தமிழே, நாடகமுந் தமிழே, ஆயினும் இரண்டும் ஒருதன்மையவல்ல. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையை ஒரு நாள் முழுதும் செவிமடுத்தோர் இதனை நன்குணர்ந்திருப்பர்.

கொழும்பில் 1925ஆம் ஆண்டு முறையாகத் தொடங்கிய ஒலிபரப்பு, 1949இல் இலங்கை வானொலி என்னும் பெயர் பெற்றது. செய்தியும் இலக்கியப் பேச்சும் செந்தமிழில் ஒலித்த அதே நிலையத்தில், 'சானா' எனப்பட்ட சண்முகநாதன் நாடகப் பகுதியைப் பேணிய காலத்தே, இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்', 'லண்டன் கந்தையா' என்பன யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில் ஒலித்தன. 1960களின் தொடக்கத்தில், பேச்சுவழக்கு இலக்கியத்துக்கு ஆகுமா என்று எழுத்தாளரும் பண்டிதரும் மரபுப் போராட்டம் நிகழ்த்தினர். 1961இல் மறைந்த இலங்கையர்கோன், அவ்வழக்கு நாடகத்துக்கு ஆகுமென்பதைச் சொல்லாமலே நிறுவிச் சென்றார்.

எனினும் ஒரு குறையுண்டு. அந்நாடகங்களில் நகையே மிக்கு நின்றது. மெய்ப்பாடு எட்டென வகுத்தார் தொல்காப்பியர். அவற்றுள் நகை ஒன்றே. பேச்சுவழக்கு நகைப்பதற்கே உரியதாயின், அதனைப் பேசுவோரும் நகைப்புக்குரியோர் ஆவரன்றோ? எம் அன்னையர் ஒப்பாரி வைத்ததும் அம்மொழியிலேதான். அவ்வழுகையையும் அதே தமிழில் ஒலிக்கச் செய்யும் நாடகமே இலங்கையர்கோன் தொடங்கிய பணியை நிறைவு செய்வதாகும்.