வகுப்புக்கு வராதவர்கள்

சிவகாசி வட்டாரத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தால் மறுநாள் நாளிதழில் இரண்டு தகவல்கள் தவறாமல் இடம்பெறும். மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வே விபத்துக்குக் காரணம் என முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது என்பது ஒன்று. தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி தீவிரப்படுத்தப்படும் என்பது மற்றொன்று. முதலாவதில் பொய் இல்லை. உராய்ந்தால் பற்றும் பொருளைத்தான் அங்கே கையாள்கிறார்கள். ஆனால் அன்றைக்கு அந்த அறையில் ஏன் அத்தனை பேர் இருந்தார்கள், ஏன் அத்தனை மருந்து கிடந்தது என்ற கேள்வியை உராய்வின் மேல் போட்டுவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். பயிற்சி என்ற தீர்வும் அந்த வசதிக்குத் துணை போகிறதா என்பதுதான் என் சந்தேகம்.

பயிற்சியே வீண் என்று சொல்ல வரவில்லை. இந்தத் தொழிலே ஒரு பயிற்சியில் பிறந்ததுதான். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய், தீப்பெட்டித் தொழிலை நேரில் கற்றுத் திரும்பினார்கள். சிவகாசியின் தீப்பெட்டியும் அதன் வழியே பட்டாசும் அங்கிருந்து வந்தவை. கையால் செய்து பார்த்துக் கற்றது நிற்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

மருந்து கலக்கும் அறையை எடுத்துக்கொள்வோம். உள்ளே போகுமுன் வாசலில் பதித்த செப்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் அதன் வழியே மண்ணுக்கு இறங்கிவிடும். பருத்தி உடுப்பு மட்டுமே ஆகும், நைலான் ஆகாது. இரும்புக் கரண்டி, இரும்பு ஆணி எதற்கும் இடமில்லை; மரம், பித்தளை, செம்பு. வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் மூன்றையும் தனித்தனியே சலித்து, கொஞ்சம் கொஞ்சமாக, வெயில் ஏறுமுன் கலந்து முடிக்க வேண்டும். மீந்த மருந்தை இராத்திரிக்கு வைக்கக் கூடாது. ஈரம் பட்ட அலுமினியத் தூள் தானாகச் சூடேறும் என்பதால், பூட்டிய அறையில் ஆளே இல்லாதபோதும் அது பற்றிக்கொள்ளலாம். இவற்றில் எதுவும் பார்த்த மாத்திரத்தில் புரிகிற விஷயமில்லை. செப்புத் தகடு எதற்கு என்று தெரியாதவர் அதைத் தாண்டித்தான் போவார். காரணம் தெரிந்தவரின் கை தானாகவே அதை நோக்கிப் போகும். சிவகாசியில் தொழிலகப் பாதுகாப்பு, சுகாதார இயக்ககம் நடத்தும் பயிற்சி மையத்தில் போர்மேன்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் இந்தக் காரணங்களைச் சொல்லித் தருகிறார்கள். அது வேண்டிய வேலைதான்.

எந்த விதமான பயிற்சி பலிக்கிறது என்பதையும் ஆய்வுகள் ஓரளவு காட்டியிருக்கின்றன. மைக்கேல் பர்க் குழுவினர் 95 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட கட்டுரையின் முடிவு இது: உட்காரவைத்துப் பேசும் வகுப்பைவிட, கற்பவரையே செய்ய வைத்து, கேட்க வைத்து, திருத்தும் வகுப்பு அறிவையும் கூட்டுகிறது, விபத்தையும் குறைக்கிறது. 2012இல் லிண்டா ராப்சன் குழு 22 ஆய்வுகளை இன்னும் கறாராகச் சலித்துப் பார்த்தது. பயிற்சி பெற்றவர்கள் வேலை செய்யும் விதம் மாறுகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் கிடைத்தது. அதனால் காயமும் நோயும் குறைகின்றன என்று சொல்லும் அளவுக்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. இரண்டையும் சேர்த்து வாசித்தால் எனக்குப் புரிவது, பயிற்சியால் தொழிலாளியின் கையைத் திருத்த முடியும். அந்தக் கையைச் சுற்றியுள்ள ஆலை மாறாதவரை அவர் பிழைப்பது உறுதியில்லை.

நம் வகுப்புகளில் பெரும்பாலானவை பர்க் சொன்ன முதல் வகை. படக்காட்சி, உரை, வருகைப் பதிவேடு, குழுப்படம், சான்றிதழ். மார்ச் 4ஆம் தேதி தேசியப் பாதுகாப்பு நாளுக்கு எடுக்கும் உறுதிமொழியும் இதே ரகம்தான். எல்லோரும் கை நீட்டி நிற்கும் படம் நன்றாக வரும்.

இதைவிடப் பெரிய குறை வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. 2021 பிப்ரவரி 12ஆம் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உரிமம் ஒருவர் பெயரில். ஆலையின் அறைகளோ உள்குத்தகையாகப் பலர் கையில் இருந்தன. உள்குத்தகைக்காரர் கூட்டிவரும் ஆள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பதிவேட்டில் இல்லாதவரை எந்தப் பயிற்சிக்கு அழைப்பது? அங்கே கூலி எண்ணிக்கைக் கணக்கு. குரோசுக்கு இவ்வளவு என்று பேசி வந்தவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பது என்பது சம்பளக் குறைப்பு. தீபாவளி ஆர்டர் நெருங்கும்போது அறைக்கு நான்கு பேர் என்ற வரம்பு காற்றில் போகும். மரத்தடியில் உட்கார்ந்து மருந்து செலுத்துவார்கள். அவர்களுக்கு விதி தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? விதியின்படி நடந்தால் சாயங்காலம் கையில் எவ்வளவு நிற்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டி ஆலையில் நடந்த வெடிவிபத்து இன்னும் கொடியது. இறந்த முப்பதுக்கும் மேற்பட்டவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே இல்லை. முதல் வெடிச்சத்தமும் புகையும் கண்டு, உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றவும் என்னவென்று பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்துக்காரர்கள். அடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். ஒரு கிடங்கு எரியும்போது எத்தனை தூரம் விலகி நிற்க வேண்டும் என்பதை அவர்களுக்கு யார் எப்போது சொன்னார்கள்? பயிற்சி ஆலையின் மதிலோடு நின்றுவிடுகிறது.

தொழிலகப் பாதுகாப்பைப் பாடமாகப் படித்த எவருக்கும் ஒரு வரிசை தெரியும். ஆபத்தை அடியோடு நீக்குவது முதலில். முடியாவிட்டால் ஆபத்து குறைந்த பொருளுக்கு மாறுவது. அடுத்து கட்டட, இயந்திர ஏற்பாடு. அதன் பிறகே விதியும் பயிற்சியும். கடைசியில் கையுறை, முகக்கவசம். பயிற்சிக்கு நான்காம் இடம். கந்தகத்தோடு குளோரேட்டைச் சேர்த்த வெடிபொருளை மத்திய அரசு 1992 ஜனவரியில் தடை செய்தது முதல் இரண்டு இடங்களைச் சேர்ந்த நடவடிக்கை. அந்தக் கலவை லேசான உராய்வுக்கே வெடிக்கக்கூடியது. அதைப் பக்குவமாகக் கையாளக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்காமல் கலவையையே விலக்கினார்கள். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் நாம் நேராக நான்காம் இடத்துக்குத் தாவுவதற்குக் காரணம் எளிது: அதுதான் மலிவு. அறைகளைத் தள்ளிக் கட்ட நிலம் வேண்டும், உள்குத்தகையை ஒழிக்க அரசியல் துணிவு வேண்டும். வகுப்பு நடத்த ஒரு மண்டபம் போதும்.

மலிவு என்பதோடு முடிந்தால் பரவாயில்லை. சான்றிதழுக்கு இன்னொரு பயனும் உண்டு. விபத்துக்குப் பின், "பயிற்சி கொடுத்தோம், அவர்தான் கவனக்குறைவாக இருந்தார்" என்று நிர்வாகம் சொல்ல அது கைகொடுக்கிறது. வழக்கில் உரிமையாளரோடு போர்மேன் பெயரும் சேர்கிறது. பல நேரம் முதலில் கைதாவது அவர்தான். எந்த ஆர்டரை ஏற்பது, எத்தனை ஆளை இறக்குவது என்ற முடிவுகள் அவருடையவை அல்ல. அதிகாரம் இல்லாதவருக்கு அறிவை மட்டும் கொடுத்தால் பழியையும் கூடவே கொடுத்ததாகிறது.

சட்டம் இங்கே பாதி வழி வந்து நிற்கிறது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்த 111ஏ பிரிவு பயிற்சியைத் தொழிலாளியின் உரிமை என்றது. 41எச் பிரிவு உடனடி ஆபத்தை நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கும் உரிமையைத் தந்தது. 2020இன் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டமும் தெரிவிப்பதைப் பேசுகிறது. தெரிவித்துவிட்டு வேலையை நிறுத்தி வெளியே நிற்கலாம், கூலி போகாது என்று எதுவும் துலக்கமாகச் சொல்லவில்லை. உயிராபத்து என்று நம்பத்தக்க காரணத்தோடு விலகி நிற்பவரைத் தண்டிக்கக் கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கை 1981லேயே சொல்லிவிட்டது.

ஆகவே வகுப்புகள் தொடரட்டும். வேறு விதமாகத் தொடரட்டும். வகுப்பு நாளுக்கு முழுக் கூலி தர வேண்டும். பாடம் நடத்த, மருந்தறையில் காலம் கழித்த மூத்த தொழிலாளர்களை அழைக்க வேண்டும். சுற்றுக் கிராமங்களுக்கு ஆண்டுக்கு ஒரு ஒத்திகை வேண்டும். முன்வரிசையில் உரிமம் வைத்திருப்பவர் உட்கார வேண்டும். உள்குத்தகைக்கு விட்டால் உரிமம் போகும் என்ற பாடம் அவருக்கானது. போர்மேனுக்குச் சான்றிதழோடு வேலையை நிறுத்தும் அதிகாரத்தையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆய்வுக்குப் போகும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகு, இந்த ஆண்டு போர்மேன் எத்தனை முறை வேலையை நிறுத்தினார், அந்த நாள்களின் கூலியை யார் கொடுத்தார் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.