பாலிஷ் போடப் போட மெலியும் பூச்சு

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசியில் காரை பாலிஷுக்கு விட்டு எடுப்பவரால், செய்த வேலையைச் சரியாகப் பார்க்கவே முடியாது. காரணம் வெளிச்சம். திரிகூட மலைமேல் மேகம் கவிந்து நிற்கையில் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் பரவலாக விழுகிறது. பெயிண்டில் உள்ள நுண்கீறல் கண்ணுக்குப் படாது. குற்றால சீசன் ஓய்ந்து வெயில் ஏறியதும் அதே கார் பானெட்டில், சூரியன் பிரதிபலிக்கும் புள்ளியைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரியும். கடைக்காரர் ஏமாற்றியிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அவரும் அதே மேகத்தடியில்தான் வேலை பார்த்தார்.

கடந்த இருபது ஆண்டுகளில் பாலிஷ் காம்பவுண்டுகள் அடைந்த முன்னேற்றத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஓடிய காலத்தில் எனாமல் பெயிண்டில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருந்தன. வெயிலில் அது சுண்ணாம்புபோல வெளுக்கும். ரப்பிங் காம்பவுண்டைப் பனியன் துணியில் எடுத்துக் கை வலிக்கத் தேய்த்தால், செத்த மேல்தோல் போய்ப் புது நிறம் வரும், பிறகு வேக்ஸ். அந்தக் காம்பவுண்டு கரடுமுரடானது. ஆனால் அந்தப் பெயிண்டுக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

இன்றைய காரில் நிறப்பூச்சு அடியில் மெல்லியதாக இருக்கிறது. அதன்மேல் நிறமற்ற கிளியர் கோட். கம்பெனியிலிருந்து வரும் காரில் பிரைமர் உட்பட மொத்தப் பூச்சே பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான்தான். அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான், தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. பழைய காம்பவுண்டை இதில் போட்டால் ஒரு கீறலை எடுத்து நூறு கீறலைக் கொடுக்கும். இந்தச் சிக்கலைத்தான் புதிய காம்பவுண்டுகள் தீர்த்தன. அளவு பிரித்த அலுமினியம் ஆக்சைடு துகள், அதாவது குருந்தக் கல்லின் அதே வேதிப்பொருள், இவற்றில் இருக்கிறது. சில வகைகளில் துகள் தேய்க்கத் தேய்க்க உடைந்து நைந்து, முதலில் வெட்டி, கடைசியில் மெருகேற்றும். வேறு சில உடையவே உடையாது. துகள் அவ்வளவு நுண்ணியதாகவும் ஒரே சீராகவும் இருப்பதால் வெட்டும் வேலையையும் மெருகையும் ஒருங்கே செய்யும். மென்சர்னா, மெகுவயர்ஸ், திரீஎம் என்று யார் டப்பாவைத் திறந்தாலும் அடிப்படை இந்த இரண்டில் ஒன்றுதான். ஒரே இடத்தில் சுழன்று சூடேற்றும் ரோட்டரி மிஷினுக்குப் பதிலாக, சுழன்றுகொண்டே ஆடும் டூயல் ஆக்‌ஷன் மிஷின் வந்தது. பெயிண்டைச் சுட்டுவிடும் அபாயம் வெகுவாகக் குறைந்தது.

டிங்கரிங், பெயிண்டிங் கடைகளுக்கு இது பெரிய வரம். புளியரை மலைச்சாலை வளைவுகளில் உரசிய கதவுக்கு டச்சப் அடித்து, 2000 நம்பர் வாட்டர் பேப்பர் போட்டால் பெயிண்ட் மங்கிப்போகும். அந்த மங்கலை இன்று சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். காய்ந்த காம்பவுண்டுத் தூள் பறப்பதும் குறைந்திருக்கிறது. நாள் முழுக்க மிஷினைப் பிடித்து நிற்பவரின் நெஞ்சுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைப் பளபளப்பை மட்டும் பார்க்கும் நாம் யோசிப்பதில்லை.

குறை எங்கே என்றால், இந்தச் சுலபத்திலேயே இருக்கிறது. பழைய பெயிண்டைத் தேய்த்தால் துணியில் சிவப்போ நீலமோ ஏறும். பெயிண்ட் கரைகிறது என்று கைக்கு உடனே தெரியும். கிளியர் கோட்டுக்கு நிறமே இல்லை. மிஷினின் பேடில் என்ன போகிறது என்று யாருக்கும் தெரியாது. அழுத்தமான ஒரு கட்டிங்கில் சில மைக்ரான் போகும்; போனது திரும்பி வராது. வருடா வருடம் பாலிஷ் போடும் காரில், முதலில் மேற்கூரை ஓரமும் கதவின் மடிப்புக் கோடும் வெளுக்கின்றன. விளிம்புகளில் பூச்சு மெலிதாக இருக்கும், பேடின் அழுத்தமும் அங்கேதான் குவியும். அதற்குப் பிறகு எந்தக் காம்பவுண்டாலும் பயனில்லை. ஸ்ப்ரே பூத்துக்குத்தான் போக வேண்டும்.

சில பாலிஷ்களில் உள்ள எண்ணெயும் நிரப்பியும் கீறலை எடுக்காமலே மூடிவிடுகின்றன. பழைய கார் விற்பனையில் இதற்கு நல்ல மவுசு. சில வாட்டர் வாஷ் கண்டால் மூடியது வெளியே வரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்த நீரைத் துணியில் நனைத்து ஒரு கையகல இடத்தைத் துடைத்து, மொபைல் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தால் உண்மை அங்கேயே தெரிந்துவிடும். செராமிக் கோட்டிங்குக்குச் சொல்லப்படும் 9எச் கடினம் என்ற விஷயமும் இப்படித்தான். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. கல்லையும் மணலையும் தாங்கும் என்று அதற்குப் பொருள் கொள்ளக்கூடாது.

மணலை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் தென்காசி வழியாகக் கேரளாவுக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. அவை உதிர்க்கும் கல்தூளில் குவார்ட்ஸ் இருக்கிறது. மோஸ் அளவில் அதன் கடினம் 7, கிளியர் கோட்டைவிட மிக அதிகம். மேல்காற்று அந்தத் தூளைக் கார்மீது படிய வைக்கிறது. கழுவிவிடும் அளவுக்குச் சாரலில் தண்ணீர் இல்லை, தூள் ஒட்டிக்கொள்ள மட்டும் போதும். குற்றாலம் ஐந்தருவி பார்க்கிங்கில் பாருங்கள், சவாரி ஏறுமுன் டிரைவர் தோள் துண்டை எடுத்துக் கண்ணாடியில் தொடங்கி அப்படியே பானெட் முழுக்க ஒரு இழு இழுப்பார். வண்டியின் மேல் உள்ள அக்கறையால் செய்வதுதான். கீறல்களில் பெரும்பங்கு அந்தத் துண்டு போடுவது. அதை எடுக்க பாலிஷ், மறுபடி துண்டு, மறுபடி பாலிஷ். காம்பவுண்டு எவ்வளவு மென்மையாகிறதோ அவ்வளவுக்கு இந்தச் சுற்றும் கூச்சமில்லாமல் வேகமெடுக்கிறது.

எனக்குத் தெரிந்தவரை இதற்கு ஒரே கடிவாளம் பூச்சின் தடிமனை அளக்கும் கேஜ். இரும்புத் தகட்டின்மேல் வைத்தால் மைக்ரான் கணக்கைக் காட்டும். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண கேஜ் வேலை செய்யாது என்பது அதன் எல்லை. மொத்தப் பூச்சைத்தான் காட்டும், கிளியர் கோட்டைத் தனியாகக் காட்டாது. இருந்தாலும் பானெட், கூரை, நான்கு கதவு என்று பாலிஷுக்கு முன்னும் பின்னும் அளந்து பில்லில் எழுதிக் கொடுத்தால், அடுத்த முறை எந்தக் கடைக்குப் போனாலும் அந்தக் காருக்கு ஒரு வரலாறு இருக்கும். அளந்து பார்த்து, “இந்தக் கூரைக்கு இனிமேல் கட்டிங் வேண்டாம், கழுவி வேக்ஸ் மட்டும் போடுங்க” என்று சொல்கிற கடைக்காரர் தன் வருமானத்தையே விட்டுத்தான் அதைச் சொல்கிறார். அந்த அரைமணி நேரச் சோதனைக்கு நாம் தனியாகக் கூலி கொடுத்தாக வேண்டும். இப்போதைக்கு எந்தக் கடையின் விலைப்பட்டியலிலும் அப்படி ஒரு வரியை நான் பார்த்ததில்லை.