‘கொங்கா’: ஒரு வசைச்சொல்லின் வேரும் வழக்கும்

பெங்களூரு வட்டாரக் கன்னடத்தில் தமிழரைக் குறிக்க வழங்கும் கொச்சைச் சொல் ‘கொங்க’ என்பதாகும். விளியில் அது ‘கொங்கா’ என நீளும். கிருஷ்ணகிரி, ஒசூர்த் தொழிற்பகுதியிலிருந்து எல்லை கடந்து வேலைக்குச் செல்வோருக்கும் இச்சொல் புதிதன்று. கொங்கு நாட்டுப் பெயரடியாகப் பிறந்தமையால் இதில் இழிபொருள் இல்லை என்பது ஒரு வாதம். வளைவு, கோணல் என்னும் பொருளுடைய கன்னடச் சொல்லோடு இணைத்து, இதனைப் பிறப்பிலேயே வசையாகக் கொள்ளவும் இடமுண்டு.

இரண்டாவது விளக்கம் ஒலியியல் நோக்கில் நிலைபெறாது. தமிழில் மெல்லினத்தை அடுத்த வல்லினம் ஒலிப்புடையதாகவே வரும். எனவே அவ்விரு கன்னடச் சொற்களையும் தமிழெழுத்தில் எழுதினால் வேறுபாடு மறைந்துவிடும். கன்னடத்திலோ கோணலைக் குறிக்கும் சொல்லின் ககரம் ஒலிப்பற்றது. ‘கொங்க’ என்பதில் அது ஒலிப்புடையது. முன்னதற்கு இனமான தமிழ்ச்சொல் ‘கொக்கி’, கொங்கு அன்று.

நாட்டுப்பெயர் விளக்கத்திற்கு வரலாற்றுச் சான்று உண்டு. 12ஆம் நூற்றாண்டுப் போசள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் விருதுப்பெயர்களில் தலைக்காட்டுடன் கொங்கும் வென்ற நாடாகச் சுட்டப்படுகிறது. மைசூர்ப் பகுதியிலிருந்து மலைத்தொடரைக் கடந்து தெற்கே இறங்குவோர் முதலில் அடையும் தமிழ்நிலம் கொங்கே. அண்டைப் பகுதியின் பெயர் முழு இனத்திற்கும் ஆகிவருவது உலக வழக்கு. கேரளத்தில் தமிழரைச் சுட்டும் ‘பாண்டி’ பாண்டிய நாட்டினின்று வந்தது. பிரெஞ்சு மொழியில் ஜெர்மானியர் அனைவருக்கும் அலமானி என்னும் ஒரு குழுவின் பெயரே நின்றது.

ஆயினும் வேரின் தூய்மை வழக்கின் தூய்மைக்குச் சான்றாகாது. தமிழரைக் குறிக்கும் மற்றொரு பழங்கன்னடச் சொல் ‘திகுள’. அதன் வடிவான ‘திகளர்’ இன்று பெங்களூருவின் ஒரு சமூகத்தார் தமக்கே உரிய பெயராக ஏற்றிருப்பது. நகரின் கரகத் திருவிழாவை நடத்தும் உரிமையும் அவர்களுடையது. ஒரே மொழியில், ஒரே மக்களைச் சுட்டிய இரு சொற்களுள் ஒன்று மதிப்பையும் மற்றொன்று இழிவையும் பெற்றமைக்கு வேர்ச்சொல் காரணமன்று. யார், யாரை, எந்நிலையில் அழைத்தனர் என்பதே காரணம். 1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலையொட்டிப் பெங்களூரில் தமிழர் தாக்கப்பட்ட சூழலில், இத்தகைய விளியை வெறும் நாட்டுப்பெயராகக் கேட்டிருக்க இயலாது.

ஒசூர்ப் பகுதி இதனை மேலும் தெளிவாக்குகிறது. அது கொங்கின் மையப்பகுதி அன்று. அங்குத் தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் தாய்மொழிகளாக உள்ளன. அவ்வூராரையும் ‘கொங்க’ என்னும்போது சொல் நிலத்தையும் சுட்டுவதில்லை, மொழியையும் சரிவரச் சுட்டுவதில்லை. அயலார் என்னும் விலக்கத்தை மட்டுமே சுட்டுகிறது.

இது கன்னடர்க்கு மட்டும் உரிய குறையன்று. சங்கப் பாடல்களில் வடுகர் என்னும் வடபுலத்தாரின் பெயரும் புரியாத பேச்சு, வன்செயல் ஆகிய அடைகளோடு பயில்கிறது. ஆகவே, சொற்பிறப்பாய்வு ‘கொங்க’ என்பதன் ஊரைச் சொல்லலாம். அதன் குற்றத்தைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் அதற்கு இல்லை.