களையும் கழுத்தும்

சங்ககிரிக் கோட்டையில் 1805 ஜூலை 31 அன்று தீரன் சின்னமலையைக் கும்பினியார் தூக்கிலிட்டனர். அவர்தம் ஏட்டில் அவர் குற்றவாளி. இன்றோ, ஆடிப் பதினெட்டில் அவ்வூரிலேயே அரசு விழா எடுத்து அவருக்கு மாலை சூட்டுகிறது. மாலை வந்தது; மாண்டவர் வரவில்லை.

இதனை நெஞ்சில் இருத்தி ஒரு குறளை ஆராய விழைகிறோம். மரண தண்டனையை ஒழிக்க ஊர் ஊராகச் சென்று பேசும் தோழர்களை நோக்கி, "வள்ளுவரே களையெடுக்கச் சொன்னாரே!" என்ற வினா வீசப்படுகிறது. செங்கோன்மை அதிகாரத்தின் இறுதிக் குறளே அதற்கு ஆதாரம். கொடியோரை வேந்தன் ஒறுப்பது, களை நீக்கிப் பயிர் காப்பதற்கு நிகர் என்பது அதன் கருத்து.

ஒறுத்தல் என்றால் தண்டித்தல். அதனைக் கொலையால் ஒறுத்தல் எனக் கூட்டிப் பொருள் கண்டவர் பரிமேலழகர். கலைஞர் உரையோ, கொலை போன்ற கொடுமை புரிவோரைத் தண்டித்தல் என்று அமைகிறது. ஒரு சொல்லை எதனோடு சேர்ப்பது என்பதில் ஓர் உயிர் தொங்குகிறது! பரிமேலழகரே சரியென்போர், அவர் தரும் கொடியோர் பட்டியலையும் படிக்கட்டும். கொலைஞரோடு கள்வரும் அதில் உண்டு. கள்வன் என்று கொல்லப்பட்ட கோவலன் கதையறிந்த தமிழர் இதனை ஒப்புவரோ? இரண்டு அதிகாரம் தள்ளி, ஓங்குவதில் கடுமையும் அடிப்பதில் மென்மையும் வேண்டும் என்று வேந்தனுக்கு உரைப்பவரும் அதே வள்ளுவர்தாமே!

உவமையையே எடுத்துக்கொள்வோம். களையென்று பயிரைப் பிடுங்கிவிட்டால்? ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது 4 பேருக்கு மட்டுமே. மூவருக்கு ஆயுள் தண்டனை. 19 பேர் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டனர்.

தூக்கு உறுதியானவர்களுள் பேரறிவாளன், முருகன், சாந்தன் மூவருக்கும் 2011 செப்டம்பர் 9 என நாள் குறிக்கப்பட்டது. அற்புதம் அம்மாளும் அவரோடு எளிய மக்களும் தெருவில் திரண்டனர். ஆகஸ்ட் 30 அன்று உயர் நீதிமன்றம் தடை விதித்தது. சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2014இல் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 2022இல் பேரறிவாளன் விடுதலை பெற்றார். இடையில் செங்கொடி தீக்குளித்து மாண்டதற்கு வருந்துகிறோம், போற்றமாட்டோம். உயிர் காக்கும் இயக்கம் உயிர்ப்பலி கேட்கலாகாது.

"குற்றம் ஐயமற உறுதியானால்?" என்பர். நேர்மையான வினா. கொலைகள் புரிந்த ஆட்டோ சங்கர் 1995 ஏப்ரலில் சேலம் மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டார். அத்தகையோர்க்கும் சேர்த்தே நாம் பேசவேண்டும். நிரபராதிக்கு மட்டும் பேசுவது ஒழிப்பு ஆகாது. களையெடுப்பின் நோக்கம் பயிரைக் காப்பது; அதனைச் சிறைக்கதவே செய்யும். கயிறு கூடுதலாகத் தருவது பழிதீர்த்த நிறைவு ஒன்றே.

2015இல் சட்ட ஆணையம், பயங்கரவாதமும் அரசின்மீது போர் தொடுத்தலும் நீங்கலாக ஏனைய குற்றங்களுக்குத் தூக்கை ஒழிக்கப் பரிந்துரைத்தது. அந்த விலக்கின்படி பார்த்தாலும் சின்னமலைக்குக் கயிறுதான்! 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவோ, அந்தப் பரிந்துரையளவுகூடச் செல்லாமல் தூக்கை நிறுத்திக்கொண்டது.

இளைஞர்களே! குறளைக் காட்டிக் கயிற்றுக்கு வாதாடுவோரிடம் குறளையே விரித்துக் காட்டுங்கள். உரை தவறினால் மறுபதிப்பில் திருத்தலாம். தூக்குக்கு மறுபதிப்பு இல்லை.